எதெல்மீரா எழுந்து போகாத மனை

காட்டுத்தீ லா கிரேதா குன்றை நக்கிவிட்டுப் போன மறுநாளே உதவி வந்துவிட்டது. லாரி லாரியாகக் கொண்டுவந்து பேருந்து நிறுத்தத்தில் கொட்டினார்கள். குதிகால் உயர்ந்த செருப்பு, அதிலும் ஒற்றைக்கால். பனிச்சறுக்கு பூட்ஸ். அக்குள் கிழிந்த கல்யாண கவுன். கீழே துறைமுக நகரத்தில் பரண் ஒழிக்கச் சோம்பல்பட்டவன் எல்லாம் ஒரே நாளில் புண்ணியவான் ஆகிவிட்டான்.

எதெல்மீரா சால்தியாஸ் அந்தக் குவியலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தன் வீட்டுச் சாம்பல்மேல் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் குன்றில் யாருக்கும் பட்டா கிடையாது. எதெல்மீரா கைக்குழந்தையோடு வந்து நாலு கழி நட்டு, தகரம் போர்த்தி, இது என் இடம் என்றவள். பூசணி அப்பம் பொரித்து விற்றே தகரத்தைப் பலகையாக்கினாள், பலகையைச் செங்கல்லாக்கினாள். புருஷன் வடக்கே சுரங்க வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். பிள்ளையும் வளர்ந்ததும் அதே வழியில் போயிற்று. வீடு நின்றவரை வீடே சாட்சி. இப்போது ஆள் உட்கார்ந்திருந்தால்தான் மனை. எழுந்து போனால் அடுத்தவன் கம்பி வேலி கட்டிவிடுவான்.

அதற்குக் காத்திருந்தவன் பக்கத்து மனை பால்தோமேரோ. அவன் வீடும்தான் எரிந்தது. ஆனாலும் கார் நிறுத்த இடமில்லை என்ற பழைய கவலை அவனை விடவில்லை. காரும் எரிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆரஞ்சுச் சட்டை மாட்டிய உதவிச் சங்கத்துப் பெண் ஒருத்தி ஏறி வந்தாள்.

"பள்ளிக்கூடத்துல கட்டில் போட்டிருக்கும்மா. சாப்பாடும் சுடச்சுட இருக்கு."

"சாப்பாட்ட இங்க கொண்டா."

"அங்க வந்தாத்தான் குடுக்க முடியும்."

"அப்ப நீயே தின்னு."

அதிர்ச்சியில் இருக்கிறார்கள் பாவம் என்று அவள் கூட வந்தவனிடம் கிசுகிசுத்தாள். எதெல்மீராவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அடுத்த வாரம் அதே ஆரஞ்சுச் சட்டை திரும்ப வந்தாள். மரவீடு தருகிறார்களாம். மைதானத்தில் விழாவாம். நேரில் வந்து சாவி வாங்கினால்தான் வீடாம்.

"வீடே இல்ல, சாவி எதுக்குடி?"

"அட்டைச் சாவிம்மா. போட்டோவுக்கு."

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூரை வேண்டுமே என்று எதெல்மீரா போனாள். காலை முழுக்கப் பேச்சு. நன்கொடை தந்த கனவான்கள் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொண்டார்கள். ஆளுயர அட்டைச் சாவியைச் சுமந்து குன்றேறி வந்து பார்த்தால், அவள் சமையலறை இருந்த இடம்வரை புதுக்கழி நட்டுக் கம்பி இழுத்திருந்தான் பால்தோமேரோ.

"நீ காலி பண்ணிட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்க்கா."

"காலைல போனவ மத்தியானம் வந்துட்டேன். அதுக்குள்ள எனக்கு அடக்கப் பூசையே வெச்சிட்டியா?"

ஆரஞ்சுச் சட்டையிடம் முறையிட்டாள். எல்லைத் தகராறில் தலையிட மாட்டோம், வேண்டுமானால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஏற்பாடு செய்கிறோம் என்றாள் அவள். எதெல்மீரா மனைக்குத் திரும்பி, மேல்தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

கஷ்டகாலத்தில் குன்றுக்காரர்கள் பொதுப்பானை வைப்பார்கள். அவரவர் வீட்டில் இருப்பதைப் போட்டு ஒன்றாக ஆக்கித் தின்பது. யார் மனையில் பானை ஏறுகிறதோ, தின்ன உட்காருகிறவர்கள் எல்லாம் அவருக்கு விருந்தாளிகள். விருந்து தின்ற இடத்தைப் பிறகு தன்னுடையது என்று சொன்னவன் முகத்தில் குன்றே காறித் துப்பும். வந்து இறங்கிய மகான்களில் ஒருவனாவது உங்களுக்குப் பானை வேண்டுமா, விறகு வேண்டுமா என்று கேட்டானா? சுகாதாரக் கேடு என்று சொல்லி, அடுப்பில் ஏறியிருந்த பானைகளையும் இறக்கவைத்தார்கள்.

தீ எட்டாத மேல்தெருவிலிருந்து சின்ஃபொரோசா தன் பெரிய அலுமினியப் பானையை உருட்டிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி பீன்ஸ், இன்னொருத்தி சேமியா. விறகுக்கு எதெல்மீரா வெளியே போகவில்லை. பால்தோமேரோவின் கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முறித்து, அவை நின்ற இடத்திலேயே அடுப்பு மூட்டினாள்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மனையைக் காவல் காக்கிற ஆசையில் அவனும் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்குப் போனதில்லை. பீன்ஸ் வேகும் வாசனை வந்ததும் கை தானாக அவிழ்ந்தது. கிண்ணத்தோடு வரிசையின் கடைசியில் வந்து நின்றான்.

"உன் கழி நல்லாக் காஞ்சதுப்பா. பீன்ஸ் சட்டுனு வெந்துருச்சு," என்றபடி எதெல்மீரா ஊற்றினாள்.

"உக்காந்து சாப்பிடு தம்பி. நின்னா செரிக்காது," என்றாள் சின்ஃபொரோசா, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

அத்தனை பேரும் கரண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால்தோமேரோ உட்கார்ந்தான். தின்றான். கம்பியை மறுநாள் அவனே சுருட்டி எடுத்துக்கொண்டான்.

அன்று பானை காலியாகுமுன்பே, புகையைப் பார்த்து ஆரஞ்சுச் சட்டை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். இது எந்தச் சங்கத்தின் ஏற்பாடு என்று கேட்டுக்கொண்டே கேமராவைத் தூக்கினாள்.

"வரிசைல நில்லு. கிண்ணம் கொண்டாந்தியா?" என்றாள் எதெல்மீரா.