பஜனைக் கூட்டத்தில் குரலில்லாத ஒருத்தி

ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். "யாரு பேசுதிய?" என்று கேட்டாள். என் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. சளி என்று சொல்லிச் சமாளித்தேன். பல வாரங்களாகவே தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது, அன்றுதான் பயந்தேன்.

பயாப்ஸி (கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். லேரிஞ்செக்டமி (குரல்வளையை முழுதாக அகற்றும் அறுவை சிகிச்சை) செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். எதையும் ஒளிக்காமல் சொன்னார்: இனி மூச்சு மூக்கு வழியாக வராது, கழுத்தில் வைக்கும் துளை வழியாகத்தான். குரல் இருக்காது.

என் கணவர் மும்பை தாராவியில் தோல் பை தைப்பவர். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேச்சு போனா போவட்டும்ட்டி. நீ இருந்தா போதும்."

அறுவை சிகிச்சை அன்று காலை, கடைசியாக அவரிடம் என்ன பேசுவதென்று எவ்வளவோ யோசித்திருந்தேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது வாயில் வந்தது இதுதான்: "பாலக் காய்ச்சி வச்சிருங்க."

இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு, யாரும் எனக்குச் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன். சூடான டீயை ஊத முடியாது. குழம்பு தீய்வது மூக்குக்குத் தெரியாது. சத்தமில்லாமல் சிரிப்பதைப் பார்த்து, அழுகிறீர்கள் என்று நினைப்பார்கள். இருமினால் சளி கழுத்துத் துளை வழியாக வரும். இதற்குக் கூச்சப்பட்டே மாதக்கணக்கில் மான்குர்த் வீட்டை விட்டு நான் வெளியே வரவில்லை.

வேலைக்குத் திரும்பிய நாளில், துளைமேல் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில், பன்வேலிலிருந்து வரும் ஒரு மராத்திப் பஜனைக் கூட்டம். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பயந்து வேறு பெட்டிக்கு ஓடுவேன். அன்று அங்கேயே உட்கார்ந்தேன். அந்த இரைச்சலில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா?

அவர்களுக்கு முன்னின்று பாடுபவர் சுனந்தா தாயி (மராத்தியில் அக்கா). என்னையும் பாடச் சொல்லிக் கையசைத்தார். நான் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். துணியை ஒரு கணம் பார்த்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. தன் கைத்தாளத்தைக் கழற்றி என் விரல்களில் மாட்டிவிட்டார். "ஹாத் தோ ஹை நா?" கை இருக்கிறதல்லவா?

பாட்டின் அர்த்தம் எனக்குப் பாதிதான் புரிந்தது. தாளத்தைக் குர்லா வருவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

சில நாட்கள் நன்றாகப் போயின. பிறகு ஒரு காலை, பாட்டு உச்சத்திலிருந்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. துளையிலிருந்து சீறல் கேட்டது, துணி நனைந்தது. பக்கத்தில் நின்ற பெண் முகத்தைச் சுளித்து விலகினாள். வடாலாவில் இறங்கிவிடலாம் என்று கைத்தாளத்தைக் கழற்றினேன்.

சுனந்தா தாயி பாட்டை நிறுத்தவில்லை. ஒரு கையால் பெட்டியின் சுவரில் தட்டிக்கொண்டே, மறு கையால் என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். துடைத்து, வேறு துணி கட்டி, மூச்சு சீரான பிறகுதான் எனக்கு உறைத்தது: அடுத்த வரிக்குப் போகாமல் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

கைத்தாளத்தை மாட்டினேன். "சலா!" என்றார் தாயி. போகலாம்! பாட்டு நகர்ந்தது.

அன்று மாலை, நடந்ததைப் போனில் எழுதிக் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார். "அது எப்படிப் போவும், அந்தத் தாளம்?" என்றார். அவர் முதுகில் தட்டிக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் தட்டுட்டி" என்றார்.

பரிசோதனைகள் தொடர்கின்றன. முடிவு வரும்வரை நாள் நகர மறுக்கிறது. ரயிலில் மட்டும் அப்படியில்லை. பாடுகிறவர்கள் வரி முடியும் இடத்தில் மூச்சை இழுப்பார்கள். பாடாத எனக்கு அதற்குத் தேவையே இல்லை. ஆனால் இப்போதெல்லாம் நானும் அங்கேதான் மூச்சை இழுக்கிறேன். நீண்ட வரியாக வந்தால், அது முடியும்வரை நானும் அவர்களோடு மூச்சைத் தாங்கிப் பிடிக்கிறேன்.