மடித்ததைப் பிரிப்பவர்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் என் அக்கா வீட்டுக்காரருக்கு 'நேர்கோடு' என்று பெயர். அவர் மடித்த படுக்கை விரிப்பில் ஓரம் இம்மி பிசகாது. நானும் அங்கேதான் சலவை இயந்திரம் ஓட்டுகிறேன். அவரைப்போல மாடாய் உழைக்கிறவரை நான் பார்த்ததில்லை. எரிச்சலோடுதான் சொல்கிறேன், அவரைக் காட்டித்தான் எனக்குத் திட்டு விழும்.

சூப்பர்வைசர் ஓய்வு பெற்றதும், அந்த இடம் தனக்குத்தான் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். "உழைக்கறவன மேல இருக்கறவங்க பார்த்துட்டேதான் இருப்பாங்க" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆனால் மேனேஜர், முதலில் ஒரு வாரம் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த வாரம்தான் மானம் கப்பலேறியது. மற்றவர்கள் மடித்து அடுக்கியதையெல்லாம் மாமா பிரித்து மறுபடி மடித்தார்.

"விடுங்கண்ணே, நல்லாத்தானே இருக்கு" என்றாள் துண்டு மடிக்கும் பெண்.

"நீ ஓரமா நில்லும்மா, நான் பாத்துக்கறேன்."

கொஞ்ச நேரத்தில் ஓரமாக நிற்கிறவர்கள் கூடிப்போனார்கள். ஒருத்தி சுவரில் சாய்ந்து நகம் கடித்தாள். பொய் சொல்வானேன், நானும் சாய்ந்தேன். மாடி அறைகளுக்கு விரிப்பு போய்ச் சேரவில்லை. வரவேற்பில் விருந்தினர்கள் பெட்டியும் கையுமாக நின்றார்கள். மேனேஜர் இறங்கி வந்தபோது நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்த மாமா மட்டும் வியர்வை சொட்டச் சொட்ட மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்கள மாதிரி உழைக்க ஆளே கிடையாது. ஆனா அடுத்தவங்கள வேலை செய்ய விடமாட்டேங்கறீங்களே" என்றார் மேனேஜர்.

திட்டியிருந்தாலாவது தேவலை. எல்லோர் முன்னாலும் தன்மையாகச் சொன்னார். பதவி துண்டு மடிக்கும் பெண்ணுக்குப் போனது. "நேர்கோடு வளைஞ்சுபோச்சு" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பழைய மேஜைக்கே திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூசியது. சாயங்காலம் தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று சந்து சந்தாகச் சுற்றி என்னை வீட்டுக்கு அழைத்துவந்தார்.

அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததையெல்லாம் கொட்டினார். சொந்தக்காரர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று புலம்பினார். அக்கா அந்த மேனேஜரை நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நீயாவது சொல்லேன். நான் அப்படிப்பட்ட ஆளா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் இந்த வீட்ல துணி மடிக்கறத விட்டு எத்தனை வருஷமாச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

மாமா யோசித்துப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.