பெரட்டுக்குப் போன பூனை

ஆயாக் கொட்டகை வேலை என்றால் தாலாட்டுப் பாடுகிற வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது கதவு சாத்துகிற வேலை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாய்மார்கள் விடியுமுன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். விட்டதும் கதவைச் சாத்த வேண்டும். தவழ்கிறது வெளியே போகக் கூடாது, கொசு உள்ளே வரக் கூடாது, ஆடு வந்து கஞ்சிப் பானையில் வாய் வைக்கக் கூடாது. பதினான்கு பிள்ளைகள், ஒரு கதவு, ஒரு ஆயா. மலாயாவில் லாயாங் லாயாங் என்ற ரயில் நிலையத்திலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் போகிற ரப்பர் தோட்டத்தில் இந்தக் கதவைப் பல வருஷம் சாத்திக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பூனைக்காகத் திறந்துகொண்டும் இருந்தேன். பூனை வைத்திருப்பவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நமக்குள் சொல்லிக்கொள்ளாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

கயிற்றில் இறங்கிய எலி

பெரிய துரையின் மனைவி ஒருநாள் கொட்டகையைப் பார்க்க வந்தார். துரைசானி பேசுவதைத் தமிழில் சொல்ல, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் ஐயாவும் கூட வந்தார். முதல்நாளே தரையைக் கழுவி, தூளித் துணியெல்லாம் துவைத்துக் கட்டி, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து வைத்திருந்தேன். துரைசானிக்கு வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை உண்டு. அதனாலோ என்னவோ ஒரு தூளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நேரம் பார்த்து ஓர் எலி கூரைக் கட்டையிலிருந்து தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாடிப்படி இறங்குவது போல நிதானமாக இறங்கி வந்தது. பாதியில் நின்று துரைசானியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறியது.

துரைசானி கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாக ஏதோ சொன்னார், டிரசர் ஐயா அதைத் தமிழில் சொன்னார். பூனை ஒன்று வைக்க வேண்டும், அடுத்த மாதம் திரும்பி வருவார், அப்போது கொட்டகைக்குள் பூனை இல்லையென்றால் வேறு ஆயா வைத்துக்கொள்வார்கள். இதுதான் விஷயம். கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் ஓர் அறைதான் என் வீடு. என் புருஷன் காய்ச்சலில் போன பிறகு எனக்கு இருந்த வீடு அது ஒன்றுதான். வேலை போனால் அந்த அறையும் புது ஆயாவுக்கு. டிரசர் ஐயா நல்ல மனுஷர், போகும்போது என் பக்கமாகக் குனிந்து சொன்னார்: "பயப்படாதீங்க ஆயா, ஒரு மாசம் இருக்கு. எலிக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களும் சொல்லிக்காதீங்க."

சாக்கில் வந்த ஸ்டேசன் மாஸ்டர்

ரயில் நிலையத்துக்கு எதிரே ராவுத்தர் கடை. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான். கடையில் நாலைந்து பூனைகள் உண்டு. அதில் கறுப்பு உடம்பும் வெள்ளை நெஞ்சுமாக, கோட்டுப் போட்டது போல ஒன்று கருவாட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது. கேட்டதும் ராவுத்தர் தயங்காமல் தூக்கிக் கொடுத்தார். அப்படித் தயங்காமல் கொடுக்கிற பூனையை வாங்கக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது, உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

வந்த வழி தெரியக் கூடாது என்று ராவுத்தர் அதைச் சாக்கில் போட்டுத் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி வாயைக் கட்டினார். எனக்குத்தான் தலை சுற்றியது. வண்டிக்காரன் மாட்டைத் தட்டிவிட்ட பிறகு கடைவாசலில் நின்றபடி ராவுத்தர் ஒன்று சொன்னார். என்ன ஏதென்று கேட்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது: "தங்கச்சி, சுத்திக் குடுத்தேன்னு நம்பி இருந்திராதீங்க. இது கண்ணால வழி பாக்கிற பூனை இல்ல, காதால பாக்கிறது."

பெரட்டு

ஸ்டேசனிலிருந்து வந்ததால் தாய்மார்கள் அதற்கு ஸ்டேசன் மாஸ்டர் என்று பேர் வைத்தார்கள். கூப்பிட நீளம் என்று மாஸ்டர் ஆகிவிட்டது. முதல் நாள் என் அறையில் கதவைச் சாத்திப் படுக்கவைத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டு அடித்தது.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. எங்கள் தோட்டத்தில் ஒரு மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். கங்காணி அதை இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாக நிறுத்தி அடித்தால் பெரட்டு. மூச்சு விடாமல் அடித்தால் தீப்பிடித்தது என்று அர்த்தம், இல்லாவிட்டால் புலி.

முதல் அடி விழுந்ததும் மாஸ்டர் எழுந்து கதவைப் பிறாண்டியது. இரண்டாவது அடிக்குக் கத்தியது. மூன்றாவதற்கு என் காலைப் பிறாண்டியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வரும் நேரம், கதவைத் திறக்காமல் முடியாது. திறந்தேன்; போய்விட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஆட்கள் வாளியும் உளியுமாக வரிசையில் நிற்கிறார்கள். கடைசி ஆளுக்குப் பக்கத்தில் வாலைக் காலில் சுற்றி, மாஸ்டர் உட்கார்ந்து கங்காணியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். நாலாம் நாள் கங்காணி பேரெல்லாம் கூப்பிட்டு முடித்து, என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஆயா, உங்க ஆளு ஒருநாள்கூட லேட்டா வந்ததில்ல. வெட்டுறதுக்கு எந்த நிரை மரம் குடுக்கட்டும்?"

தூளி ஆட்டியது

பெரட்டோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். மரத்தில் பால் வடிந்து நின்றதும், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் இருக்கும் பாலை எடுக்கச் சொல்லி ஒரு மணி. வேலை விடுவதற்கு ஒரு மணி. மூன்றுக்கும் போகும். போனால் திரும்பி வர மனசு வேண்டும். துரைசானி எந்த நேரத்தில் வருவார் என்று யார் கண்டது?

பழைய சேலைக் கரையைக் கிழித்துப் பூனையின் கழுத்தில் கட்டி, மறுமுனையை அருகில் தொங்கிய தூளியின் அடியில் முடிந்து வைத்தேன். உள்ளே தூங்கியது, பால் வெட்டுகிற பாக்கியத்தின் மகன் ஆறுமுகம். லேசில் தூங்காத பிள்ளை. மணி அடித்தது; பூனை இழுத்தது; தூளி ஆடியது. பூனை சோர்ந்து நின்றால் தூளி திரும்பி வந்தது. பூனை மறுபடி இழுத்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளை தூங்கியது போல என்றைக்கும் தூங்கியதில்லை. நானும் சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணை மூடிவிட்டேன் போலிருக்கிறது. வேலை விட்டு வந்த பாக்கியம் வாசலிலேயே நின்று பார்த்திருக்கிறாள். நான் திடுக்கிட்டு எழுந்திருக்க, கையமர்த்திச் சொன்னாள்: "நீங்க படுங்க ஆயா. அது ஆட்டிக்கிட்டுதானே இருக்கு."

ஆறுமுகத்தின் படிப்பு

மறுநாளே பூனை கழுத்தை உருவிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. அதைப் பார்த்து ஆறுமுகம் வேறொன்று கற்றுக்கொண்டான்.

மாஸ்டர் வெளியே போக ஒரு முறை வைத்திருந்தது. கதவின் கீழ்மூலையில் தலையை வைத்து முட்டும். தாழ்ப்பாள் சரியாக விழாதிருந்தால் கதவு ஒரு சாண் திறக்கும். அந்த ஒரு சாண் அதற்குப் போதும். தவழ்ந்துகொண்டிருந்த ஆறுமுகம் இதை நாள் முழுக்கப் பார்த்திருக்கிறான். ஒருநாள் கஞ்சி ஆற்றிக்கொண்டே திரும்பினால், பூனைக்குப் பின்னால் அவனும் தலையால் முட்டிக்கொண்டிருக்கிறான். பூனை போன இடைவெளியில் பாதி உடம்பு போய்விட்டது. வெளியே நாலடியில் சாக்கடை. கஞ்சியைக் கீழே போட்டுவிட்டு ஓடி, காலைப் பிடித்து இழுத்தேன். அவனுக்கு ஒரே சிரிப்பு. சாயங்காலம் பாக்கியத்திடம் மறைக்காமல் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்தாள். அது கதவைக் கை காட்டி "ங்யா" என்றது. பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்: "காலையில நான் குடுத்தது பிள்ளை, ஆயா. நீங்க திருப்பிக் குடுக்கிறது என்னா?"

ராவுத்தர் சொன்னது

அதோடு முடிவு பண்ணிவிட்டேன். பூனை போகட்டும், வேலை போனால் போகட்டும், சாக்கடையில் பிள்ளை விழுந்த பழி வேண்டாம். துரைசானி வருவதற்கு இன்னும் எட்டு நாள். லீவு நாளில் பூனையைச் சாக்கில் கட்டி வண்டி ஏறினேன். வழியெல்லாம் அந்த அறையில் என்னென்ன சாமான், எதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ராவுத்தர் சாக்கைக் கையில் வாங்கவில்லை. "மணி அடிச்சாப் போவுதா?" என்றார். ஆமாம் என்றேன். அதே நேரம் எதிரே ஸ்டேசனில் தண்டவாளத் துண்டை அடித்தார்கள். சாக்கு என் கையிலேயே துள்ளியது. ரயில் வரப்போகிறது என்பதற்கு அந்த மணியாம். ரயிலில்தான் ராவுத்தருக்கு மீன் கூடை வரும். கூடை இறங்கியதும் கெட்டுப்போன தலைகளைப் பொறுக்கிப் பூனைகளுக்குப் போடுவார். குட்டியிலிருந்து மாஸ்டருக்கு அதுதான் பழக்கம். இரும்பு அடித்தால் மீன். எங்கள் கங்காணியையே பார்த்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாவம், மூன்று வாரமாகப் பேர் கூப்பிட்டு முடியும்வரை காத்திருந்து பட்டினியாகத் திரும்பியிருக்கிறது.

"அப்ப நான் என்ன பண்றது, ராவுத்தரே?"

அவர் ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார்: "உங்க வீட்டுக்குள்ள ஒரு இரும்பு தொங்கவிடுங்க தங்கச்சி. அது வெளிய போற பூனையில்ல, சாப்பிடப் போற பூனை."

நான் அடித்த மணி

பிடி போன மண்வெட்டி ஒன்றைக் கொட்டகைக்குள் தொங்கவிட்டேன். ஒரு கரண்டியால் மெல்ல இரண்டு தட்டு, ஒரு நெத்திலி. மூன்றே நாளில் மாஸ்டர் எங்கிருந்தாலும் வந்தது. அதாவது, காது கேட்கும் தூரத்தில் எங்கிருந்தாலும்.

துரைசானி ஒருநாள் முன்னதாகவே, காலை பத்து மணிக்கு வந்துவிட்டார். பூனை இல்லை. "இப்ப வந்திரும்" என்று டிரசர் ஐயாவிடம் சொல்லிவிட்டு மெல்லத் தட்டினேன். வரவில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினேன். வரவில்லை. துரைசானி கூரைக் கட்டையை அண்ணாந்து பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என் அறை, என் பாய், என் சட்டி எல்லாம் கண்முன் வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்புக் கம்பியை எடுத்து, மூச்சு விடாமல் அடித்தேன்.

என்ன செய்தேன் என்பது, கங்காணி தடியோடு பாய்ந்து வந்து "எங்க புலி?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அவருக்குப் பின்னால் பாக்கியம். அவளுக்குப் பின்னால் பக்கத்து நிரைகளில் பால் வடியக் காத்துக்கொண்டிருந்த தாய்மார்கள் எல்லாரும், தலைத்துணி அவிழ, கத்தியபடி ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு பிள்ளையை வாரி எடுத்துத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தார்கள். பிள்ளைகள் பதினான்கும் சேர்ந்து அழுதன. நான் மண்வெட்டிக்குப் பக்கத்தில் கம்பியோடு நின்றேன். "பூனையைக் கூப்பிட்டேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

யாரும் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாக அழுகை நின்றது. கொட்டகை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கொடுத்த பால், அடுத்து மத்தியானம்தான். நடுவில் நான் கொடுக்கிற கஞ்சித் தண்ணீர்தான். துரைசானி ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் மாஸ்டர் உள்ளே வந்தது. எல்லாரையும் தாண்டிப் போய் மண்வெட்டிக்குக் கீழே உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தது. ஒரு நெத்திலி போட்டேன்.

துரைசானி டிரசரிடம் ஏதோ கேட்டார். டிரசர் ஐயா ஒரு நிமிஷம் யோசித்துத் தலையாட்டினார். துரைசானி ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். "என்ன கேட்டாங்க?" என்றேன். டிரசர் ஐயா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "பால் குடுக்க இந்த நேரத்துக்குத் தினமும் மணி அடிக்கிறது வழக்கமான்னு கேட்டாங்க. வழக்கந்தான்னு சொல்லிட்டேன். நாளையிலேருந்து மறந்திராதீங்க."

மறுநாளிலிருந்து தினமும் பத்து மணிக்கு நான் நிறுத்தி நிறுத்தி அடிப்பேன், பக்கத்து நிரைத் தாய்மார்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்கள், நெத்திலியைத் தின்றுவிட்டு அந்தக் கதவு வழியாக மாஸ்டர் வெளியே போகும்.