அக்கா காய்ச்சிய சூப்பும் நான் சொன்ன சொல்லும்

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். தம்பி என்ற முறையில் என்னை எழுதச் சொன்னபோது, நல்லதை மட்டும் எழுது என்றார்கள் வீட்டில். அக்காவைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது. கெட்டது என்று ஒன்று இருந்தால் அது என் பக்கம்தான்.

ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரிக் கிராமம் ஒன்றில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்தவராகப் பிறந்தார். மழை பெய்தால் நிலக்கடலை, பெய்யாவிட்டால் வெளியூர் வேலை என்று அம்மாவும் அப்பாவும் அலைந்ததால் என்னை இடுப்பில் சுமந்தவர் அக்காதான். எட்டாம் வகுப்போடு அவர் பள்ளிக்கூடத்தை விட்டதும் என்னைப் பார்த்துக்கொள்ளத்தான். பிறகு கெலமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே மாமா காய்ச்சலில் இறந்துவிட்டார். அழுதுகொண்டு உட்கார அக்காவுக்கு நேரமில்லை. ஓசூரில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, அங்கேயே சமையல் கற்றுக்கொண்டு, குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலுக்குச் சூப்பு காய்ச்ச வந்தார். நான் வேலையில்லாமல் ஊர் சுற்றியபோது முதலாளியிடம் பேசி, அதே ஓட்டலில் என்னை ஸ்டோர் பொறுப்பில் உட்கார வைத்ததும் அவர்தான்.

ஆர்டர் வந்த பிறகுதான் சூப்பை அடுப்பில் ஏற்றுவார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறவர் சூப்பு வருவதற்குள் பெங்களூருக்கே போய்விடுவார். தக்காளி, காய்கறி, ஆட்டெலும்பு என்று எல்லாவற்றையும் காலையிலேயே அண்டா அண்டாவாகக் காய்ச்சி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஆறவைத்து, டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் அடுக்குவது அக்காவின் வேலை. பழையது முன்னால், புதியது பின்னால். அந்தச் சமையற்கட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் நடமாடும் என்பதால் டப்பாவில் எழுத்துக்குப் பதில் சிவப்பு, பச்சை, வெள்ளை டேப் ஒட்டுவார். யாரும் ஒரு நாளும் மாற்றி எடுத்ததில்லை.

சேமித்து வைக்கும் சூப்பில் உப்புப் போடக் கூடாது. ஆர்டர் வந்ததும் மாஸ்டர் சுடவைத்து உப்புப் போடுவார். ஆகவே பதம் பார்க்க அக்கா ஒரு டம்ளரில் மட்டும் எடுத்து, அதில் ஒரு சிட்டிகை உப்பைக் கலந்து குடித்துப் பார்ப்பார். ஒரு நாள் அந்த டம்ளரோடு ஸ்டோருக்கு வந்தார்.

"தம்பி, நாக்குல ஒண்ணுமே தெரியலடா. நீ கொஞ்சம் குடிச்சிப் பாரு."

"சளி புடிச்சிருக்கும். போய் மிளகு ரசம் வெச்சிக் குடிக்கா" என்றேன். லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. டம்ளரை நான் வாங்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓட்டல் நிரம்பி வழிந்த நேரத்தில், சூப்புக் கிண்ணங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாயில் வைக்க முடியாத உப்பு. டம்ளரில் எவ்வளவு போட்டும் உறைக்காததால், காய்ச்சியது சப்பென்று இருக்கிறதோ என்று பயந்து அக்கா அண்டாவிலேயே உப்பைப் போட்டிருந்தார். அதன் மேல் மாஸ்டர் வழக்கம்போல் தன் பங்கைப் போட்டிருக்கிறார்.

முதலாளி வந்து பார்த்தார். "எத்தினி வருசமா காய்ச்சறாங்க. ஒரு நாள் தப்பினா என்னப்பா, விடு" என்றார். நான்தான் விடவில்லை. சரக்கைச் சரிபார்க்க வேண்டிய ஸ்டோர்க்காரன் நான். என் பேர் கெட்டுவிடுமே என்ற பயம் எனக்கு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அக்காவிடம் போய் நின்றேன்.

"உனக்கு வயசாயிடுச்சிக்கா. கை நிக்க மாட்டேங்குது. நாளையில இருந்து காய் வெட்டற பக்கம் போயிரு."

"சரிடா" என்றார். கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் காய் வெட்டினார். கால் வீங்கியது, நின்றே வேலை செய்வதால் என்றோம். மூச்சு வாங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டிருந்தது. வாய் ருசி எப்போது போனது என்று டாக்டர் கேட்டார், அக்கா சொன்னார். இந்த நோயில் நாக்கும் மரத்துப் போகுமாம். "அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

அதன் பிறகு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். உப்பில்லாத சோறு, அளந்து கொடுக்கும் தண்ணீர். "போட்டா மட்டும் எனக்குத் தெரியவா போவுது" என்று அக்கா சிரிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. டயாலிசிஸ் தொடங்கிய ஒன்பதாம் மாதம், மகள் மடியில் தலை வைத்தபடி போய்விட்டார். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

டயாலிசிஸ் வார்டில் அக்காவைத் தாயைப்போல் பார்த்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த கெலமங்கலம் ஆட்டோ அண்ணனுக்கும், ரத்தம் கொடுத்த சமையற்கட்டுத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுத ஒத்துக்கொண்டேன்.

அக்காவை எடுத்த அன்று முதலாளி மாலையோடு வந்து வாசலில் நின்றார். நம்மவர்கள் யாரும் அவரை வாங்க என்று கூப்பிடவில்லை. "சூப்புல இருந்து தூக்கி, சாவற உடம்பைக் காய் வெட்ட வெச்ச ஆளு" என்று பெரியப்பா அவர் காதுபடவே சொன்னார். முதலாளி மறுத்துப் பேசவில்லை. மாலையைப் போட்டுவிட்டுப் போனார். பக்கத்திலேயே நின்றிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு அக்கா மகளிடம், அம்மாவைச் சூப்பு வேலையிலிருந்து முதலாளிதான் எடுத்தார் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"அம்மாதான் மாமா சொன்னாங்க. நீங்க அவருகிட்ட எவ்ளோ சண்டை போட்டும் கேக்கலியாமே. 'தம்பி எனக்காக ரொம்பப் பேசினான், அவனப் போயி ஒண்ணும் கேட்டுறாத, மனசு ஒடஞ்சிருவான்'னாங்க."

ஓராண்டாக இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தில் விழித்து வந்தேன். முதலாளி இன்று திதிக்கு வருகிறார், நான்தான் அழைத்திருக்கிறேன். அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். அக்காவை அடுப்பை விட்டு அனுப்பியவன் நான். அவருக்காக நான் யாரிடமும் சண்டை போடவில்லை.