தபால்காரர் போட்ட கதவு எண்

முப்பத்தைந்து வருடம் தெருத்தெருவாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவருக்கு, வீட்டு இன்டர்நெட் மோடம் ஒவ்வொரு கருவிக்கும் தன் இஷ்டத்துக்குக் கொடுக்கிற நம்பர்கள் பிடிக்கவில்லை. இன்று ஒன்று, நாளை ஒன்று. இதெல்லாம் ஒரு விலாசமா? செட்டிங்ஸைத் திறந்து டிவி, கம்ப்யூட்டர், ஃபோன் எல்லாவற்றுக்கும் நிரந்தரமாகக் கதவு எண் போட்டுவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அன்று அவர் மனைவிக்குப் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை. கல்யாணத்தோடு நின்ற படிப்பை ஐம்பத்திரண்டு வயதில் விடாப்பிடியாகப் பிடித்தவர். பத்து மணிக்கு வீட்டிலிருந்தே எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் கேள்வித்தாள், பக்கத்தில் ஃபோன் கேமரா கண்காணிக்கும். ஒன்றில் இன்டர்நெட் அறுந்தாலும் பரீட்சை போச்சு.

ஒன்பதே முக்காலுக்கு மனைவி ஃபோனை ஆன் செய்ததும் கம்ப்யூட்டர் இன்டர்நெட் இல்லை என்று கையை விரித்தது. தபால்காரர் மோடத்தை அணைத்துப் போட்டார். ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். தூசி தட்டினார். ஊஹூம்.

"என்னங்க, இது வந்தா அது போகுது, அது வந்தா இது போகுது. என் ஃபோனுக்கு என்ன நம்பர் போட்டீங்க?"

"கம்ப்யூட்டருக்குப் போட்ட அதே ஏழுதான். அது என்னுது, இது உன்னுது. புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே விலாசம்தானே?"

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "ஒரே நம்பர்ல ரெண்டு பேர் நின்னா மோடம் யாருக்குன்னு குடுக்கும்? இத்தனை வருஷம் உங்க பேரைப் போட்டுத்தான் எனக்கு எல்லாம் வந்துச்சு. இன்னிக்காவது தனியா ஒண்ணு குடுங்க சாமி!"

அவருக்குச் சுருக்கென்றது. ஒன்பது ஐம்பத்தாறு. ஃபோனில் ஏழு என்பதை அழித்து எட்டு என்று தட்டினார். இரண்டும் ஒன்றாக வந்தன. கதவைச் சாத்திவிட்டு மூன்று மணி நேரம் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். பால்காரரைக்கூட ஜாடையிலேயே திருப்பி அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து, மனைவி பேர் மட்டும் எழுதிய தடித்த உறை பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. புதிய தபால்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி உறையையும் கையெழுத்துத் தாளையும் வாங்கிக்கொண்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பெருமை தாங்காமல் தன் வீட்டுக் கதவையே தட்டினார்.

"அம்மா, தபால்! கையெழுத்துப் போடணும்."

ஈரக் கையைத் துடைத்தபடி வந்த மனைவி உறையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"போஸ்ட்மேனுக்கு எந்த வீடு?"

"ஏழாம் நம்பருங்க. உங்களுக்கு அடுத்த வீடுதான்."