அக்காவுக்குப் போட்ட பூட்டு

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான்கு வருடம் பாட்டுக் கடை வைத்திருந்தேன். 2003-ல் ஆரம்பித்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய கேசட் டெக், இரண்டு ஸ்பீக்கர், கண்ணாடி அலமாரி முழுக்க வெற்று சிடி. இவ்வளவுதான் கடை. விற்றது அத்தனையும் ஊரான் பாட்டு. முகம் தெரியாத எவனோ நெட்டில் ஏற்றி வைத்ததை இறக்குவேன். மற்றதைக் கடையில் வாங்கிய அசல் சிடியிலிருந்து எடுப்பேன். அரியலூர் சிமெண்ட் லாரி டிரைவர்கள் ஒரே சிடியில் நூறு பாட்டு கேட்பார்கள், போட்டுக் கொடுப்பேன். கூச்சமெல்லாம் கிடையாது. பாட்டுக்கு எவன் பட்டா வாங்கியிருக்கிறான் என்று வாய் கிழியப் பேசுவேன்.

எனக்கு எதிரே இன்னொருவன் அதே தொழிலில் இறங்கினான். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். டீ குடிக்க வருகிற சாக்கில் வருவான்.

“அண்ணே, உங்க ஹார்ட் டிஸ்க்கைக் குடுங்க. ஒரு மணி நேரத்துல கொண்டாந்து தந்துடறேன்.”

கொடுக்கவில்லை என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். கொடுத்தால் மறுநாள் என் கடைப் பாட்டெல்லாம் அவன் ஸ்பீக்கரில் கத்தும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அலைந்து சேர்த்தது அவனுக்கு ஒரு டீயில் போய்ச் சேர்கிறதே என்று.

அப்போதுதான் அந்தச் சின்னக் கட்டத்தைக் கவனித்தேன். சிடியிலிருந்து பாட்டைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கும்போது, காப்பி எடுக்க முடியாதபடி பாதுகாக்கட்டுமா என்று பாட்டுப் போடும் புரோகிராம் கேட்கும். டிக் அடித்துவிட்டால் அந்தப் பாட்டு அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் பாடும். அங்கிருந்து சிடி போட்டுக்கொள்ளலாம், ஆனால் பாட்டை அப்படியே வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் லைசென்ஸ் கேட்கும். லாக் போட்ட பாட்டு என்போம். நான் டிக் அடித்து, பழைய சிடிகளையும் மறுபடி எடுத்துப் பழைய பிரதிகளின் மேலேயே ஏற்றினேன். அதோடு அதை மறந்தும் போனேன், அது பாட்டுக்கு ஒவ்வொரு சிடிக்கும் பூட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் அவன் டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

“என்னண்ணே, சிடி பாட்டு ஒண்ணும் பாட மாட்டேங்குது. லைசென்ஸ் கேக்குது.”

“வாங்கிட்டு வா” என்றேன். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். திருட்டுச் சரக்குக்குப் பூட்டுப் போட்டவன் நான், அது எனக்கு உறைக்கவில்லை.

அக்காவைக் கீழப்பழுவூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சான் சவூதியில் டிரைவர். அக்காவுக்குக் கடிதம் எழுதப் பொறுமை கிடையாது. எழுதினாலும் மாமியார் கைக்குப் போய்த்தான் தபாலுக்குப் போகும். அதனால் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வயலில் மோட்டார் கொட்டகைக்குப் போய், பேசி, கேசட்டாக அனுப்புவாள். ஊருக்கு யாராவது வந்து திரும்பும்போது கொடுத்துவிடுவது. மச்சான் கேட்டுவிட்டு அதே கேசட்டில் தான் பேசி அனுப்புவார். அப்படி அவள் பேச்சின் மேல் இவர் பேச்சு, இவர் பேச்சின் மேல் அவள் பேச்சு என்று அழிந்துகொண்டே வந்தது. 1999-ல் மஞ்சள் காமாலையில் பத்தே நாளில் அக்கா போய்விட்டாள். அப்போது மகளுக்கு ஒரு வயது நிறையவில்லை. மச்சான் பதில் பேசாமல் வைத்திருந்த ஒரு கேசட் மட்டும் மிஞ்சியது.

2004-ல் லீவில் வந்தபோது அதை என்னிடம் கொண்டுவந்தார்.

“டேப்பு தேஞ்சிட்டு வருது மாப்ள. சிடியில போட்டுக் குடுங்க. பாப்பா பெரிசானா கேக்கணும்ல.”

டெக்கில் போட்டு, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் கேட்டேன். “நல்லாருக்கீங்களா? நான் நல்லாருக்கேன். உங்க மச்சினன் ஒண்ணும் உருப்படற மாதிரி தெரியல” என்றாள். என்னைத்தான். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் அழக் கூடாது என்று ஸ்பீக்கரைத் திருகி அணைத்துவிட்டு அதைத் தானாக ஓடவிட்டேன். மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். நான் கேட்டது ஒரு நிமிடம்.

சிடி எழுதினேன். டிஸ்க்கில் இடம் போதாமல், கேசட்டிலிருந்து ஏற்றிய பெரிய பதிவை அழித்தேன். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று அந்தச் சிடியிலிருந்தே சின்னதாக ஒரு பிரதியைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தேன். அதற்கும் பூட்டு விழுந்தது. நான் யோசிக்கவே இல்லை. கேசட்டையும் சிடியையும் மச்சானிடம் கொடுத்தேன்.

மறு வருடம் கோடையில் சவூதியிலிருந்து மச்சானின் போன் வந்தது. இரண்டையும் வண்டிக்குள் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஊர் வெயிலில் கேசட் நெளிந்துவிட்டது, சிடியின் மேல் பூச்சு உரிந்துவிட்டது. ஒரு பெரிய மனுஷன் போனில் தேம்புவதை அன்றுதான் கேட்டேன்.

“கவலைய விடுங்க மச்சான். கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு.”

“இன்னொரு சிடி போட்டு வச்சிடுங்க மாப்ள.”

“போட்டுடறேன்” என்றேன். போடவில்லை. பத்து நிமிட வேலை. அதைச் செய்யாததற்கு இன்றுவரை என்னிடம் காரணம் கிடையாது.

2006-ல் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து படுத்துவிட்டது. பாட்டெல்லாம் தனியாக டி டிரைவில் இருந்ததால் பயமில்லாமல் சி டிரைவை ஃபார்மட் செய்தேன். மறுபடி ஏற்றிப் பார்த்தால் பாட்டுகள் அத்தனையும் பேரோடு அப்படியே இருந்தன. சிடியிலிருந்து நான் எடுத்தது எதைத் தட்டினாலும் லைசென்ஸ் கேட்டது. சொந்தக் கம்ப்யூட்டரே என்னை அந்நியன் என்றது.

விஷயம் தெரிந்து எதிர்க்கடைக்காரன் தானாகவே தன் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“எடுத்துக்கங்கண்ணே. பாதி உங்ககிட்ட எடுத்ததுதான.”

பூட்டுப் போடுவதற்கு முன்னால் அவன் என்னிடம் அடித்தது, அவனாக அங்கே இங்கே இறக்கியது எல்லாம் சேர்ந்து இரண்டே நாளில் கடை மறுபடி பாடியது. பறிகொடுத்தேன் என்று நான் வயிறு எரிந்த பாட்டெல்லாம் திரும்பி வந்துவிட்டது. அக்கா மட்டும் வரவில்லை. அவளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு திருச்சிக்கு மூன்று முறை பஸ் ஏறினேன். கடைசியாகப் பார்த்த கம்ப்யூட்டர்காரர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். “பூட்டு டி டிரைவ்ல இருக்கு. சாவி சி டிரைவ்ல இருந்துச்சு. நீங்கதான் அழிச்சிட்டீங்க தம்பி.”

மச்சானிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் போனில் கேட்பார், இருக்குல்ல மாப்ள என்று. இருக்கு மச்சான் என்பேன். பொய் இல்லை, இருந்தது. இப்படியே ஒரு வருடம் ஓட்டினேன். சொல்லியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

2007-ல் லீவில் வந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளைக் கூட்டிக்கொண்டு நேரே கடைக்கே வந்துவிட்டார். எட்டு வயது. தலைக்குக் குளிப்பாட்டி, பூ வைத்து, விசேஷத்துக்குக் கூட்டிப்போவதுபோல் கூட்டி வந்திருந்தார்.

“அம்மா பேசுனத கேக்கணும்னு ராவெல்லாம் தூங்கல மாப்ள. போடுங்க.”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஏதாவது அதிசயம் நடந்துவிடாதா என்ற நப்பாசையில் கர்சரைக் கொண்டுபோய்த் தட்டினேன். பட்டியலில் ‘அக்கா’ என்று இருந்தது. நாற்பத்தொரு நிமிடம் என்றும் இருந்தது. கட்டம் ஒன்று வந்து நின்றது. பாப்பா இங்கிலீஷ் மீடியம். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“இதப் போடறதுக்கு உங்களுக்கு லைசென்ஸ் இல்லன்னு எழுதியிருக்கு மாமா.”

மச்சான் என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“பூட்டு யாருக்குப் போட்டீங்க?”

“எதிர்க்கடைப் பையனுக்கு மச்சான்.”

அவர் திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா என்னப்பா பேசுனாங்க?”

அவருக்கு எல்லாம் மனப்பாடம். நல்லாருக்கீங்களா, நான் நல்லாருக்கேன் என்று ஆரம்பித்தார். மாமியார் சண்டை, மாடு கன்று போட்டது, பாப்பா குப்புற விழுந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவருடைய கட்டைக் குரலில், துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் பேசுவதுபோல. அவள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“போதும்பா. நீங்க பேசற மாதிரிதான் இருக்கு.”

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, நீங்க அம்மா மாதிரி பேசிக் காட்டுங்க. உங்க அக்காதான.”

இருபது வருடம் ஒரே வீட்டில் அந்தக் குரலிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். வாயைத் திறந்தேன். வார்த்தைகள் வந்தன. குரல் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் அது எப்படி இருந்தது என்று நினைவுக்கு வரவில்லை.

“தெரியல பாப்பா” என்றேன்.