தாம்பூலத்தில் வைத்த மாத்திரை

நம் நெற்றியில் குங்குமம் இடும்போதே விஜயலக்ஷ்மி மாமியின் பார்வை முழங்காலுக்குப் போய்விடும். கொலுவுக்கு வந்தவர் தரையில் கை ஊன்றி எழுந்தால் தொலைந்தார். "என்ன, முட்டி பிடிச்சுண்டுடுத்தா? இந்தாங்கோ, ராத்திரி ஒண்ணு போட்டுக்கோங்கோ. நாளைக்குப் பந்தல் பந்தலா ஓடுவேள்!" வெற்றிலை பாக்கு, தேங்காய், சுண்டலோடு மூட்டுவலி மாத்திரை அட்டை ஒன்றும் பையில் விழும்.

கல்கத்தாவில், டாக்குரியாவில் எங்கள் கட்டடத்தில்தான் மாமி இருக்கிறார். தஞ்சாவூர் இழுப்போடு வங்காளம் பேசுவார். அந்த மாத்திரை மாமியின் முழங்காலுக்காக டாக்டர் எழுதிக்கொடுத்தது. ஊருக்கே சேர்த்து எழுதினோம் என்பது பாவம், அந்த மனுஷனுக்குத் தெரியாது. துர்கா பூஜை நாட்களில் கல்கத்தா முழுக்கப் பந்தல் பார்க்க விடிய விடிய நடக்கிறது, வலிக்காத கால் ஏது? நானும் விழுங்கிவிட்டுத் துள்ளியவள்தான்.

சப்தமி அன்று காலை டிவியில் செய்தி வந்தது. தயாரித்த கம்பெனியே அந்த மாத்திரையைத் திரும்பப் பெறுகிறதாம். சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறதாம், இதய நோயாளிகள் தொடவே கூடாதாம். மாமியின் முகம் வெளுத்தது. "ஐயையோ, நாலாம் மாடி மல்லிகாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கேடி!"

பந்தலில் மேளம் முழங்க, மாமி படியேறிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பெயர் மறந்தாலும் முழங்கால் மறக்கவில்லை. "வீங்கின முட்டி லிஃப்ட் பக்கத்து வீடு, இடது முட்டி மூணாம் மாடி, வாடி!" போகிற வழியில் கேட்ட வீட்டிலெல்லாம் மறுபேச்சில்லாமல் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நான்காம் மாடி மல்லிகா அக்கா, எங்களுக்கு மல்லிகாதி, அவர் மட்டும் மசியவில்லை. புதுப்புடவை கட்டி, பேத்தியோடு பந்தல் சுற்றக் கிளம்பிக்கொண்டிருந்தார். மேஜையில் தண்ணீர், வலது கையில் அட்டை, இடது உள்ளங்கையில் அதிலிருந்து பிதுக்கிய ஒரு மாத்திரை. "கிச்சு ஹொபே நா, பௌதி!" ஒன்றும் ஆகாது அண்ணி என்கிறார்! போதாததற்கு, "தாம்பூலத்தில் வந்தது தேவியே கொடுத்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா?" என்று வங்காளத்தில் ஒரு போடு போட்டார்.

தாம்பூலத்தை யாராவது திருப்பி வாங்குவார்களா? எனக்கோ பாய்ந்து பிடுங்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

மாமி மெல்லக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வாசற்படியிலேயே மண்டியிட்டார். முந்தானையை இரண்டு கையாலும் விரித்து ஏந்தினார். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. "மடிப்பிச்சை கேக்கறேன் மல்லிகா. போட்டுடு."

மல்லிகாதிக்கு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் கண் கலங்கிவிட்டது. அட்டையை முந்தானையில் போட்டார்.

மாமி எழுந்திருக்கவில்லை. பிதுக்கிய மாத்திரையை இன்னும் பொத்திவைத்திருந்த மல்லிகாதியின் இடது கையைப் பார்த்தபடி, முந்தானையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.